ஓட்டுக்கு வாங்கிய லீவு

தையல் கம்பெனி சூப்பர்வைசர் அக்கா பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு மெஷினில் உட்கார்ந்தவர். காலரும் கைப்பட்டியும் தைத்துத் தைத்தே மேலே வந்தவர். காய்ச்சலோடு போய் வரிசையில் நின்றாரே தவிர, ஒரு தேர்தலைத் தவறவிட்டதில்லை. ஆனால் தன் கீழ் வேலை பார்க்கும் பெண்களிடம் ஓட்டு என்று வாயைத் திறந்தால் போதும், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நூல் அறுந்துவிடும்!

"யார் வந்தா நமக்கென்னக்கா? நாளைக்கும் இதே காலர்தானே தைக்கணும்?"

"பஸ் வரலைன்னு தினமும் மூக்கால அழறீங்களேடி! அதைக் கேக்கறதுக்காவது போய்ப் போடுங்க!"

"லீவு குடுத்தா போடறோம்."

இது போதாதா அக்காவுக்கு? நேரே முதலாளி அறைக்குப் போய் நின்றார். அவர் லேசில் மசிகிற ஆளா? சரக்கு அனுப்பும் நேரத்தில் லீவா என்று எரிந்து விழுந்தார். அக்கா விடவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"சரிம்மா, சம்பளத்தோட லீவு. மறுநாள் நானே வந்து பாப்பேன். எல்லார் விரல்லயும் மை இருக்கணும். இல்லேன்னா இதுதான் கடைசி. அடுத்த தேர்தலுக்கு என்கிட்ட வந்து நிக்காதீங்க."

"என் புள்ளைங்க ஏமாத்தாதுங்க, சார்," என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார் அக்கா.

தேர்தலுக்கு மறுநாள் காலை வாசலிலேயே நின்று ஒவ்வொருத்தி விரலையும் பார்த்தார். எல்லா விரலிலும் மை! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் டீ சொன்னார். முதலாளி சாப்பாட்டுக்கு அப்புறம் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அதற்கு முன்பே இஸ்திரி மேசையில் குட்டு வெளிப்பட்டது. ஒருத்தி இடது கையால் காலரை நீவிக்கொண்டே நீராவிப் பெட்டியை ஓட்டினாள். ஆவி பட்டதும் விரலில் இருந்த மை மாயமாய் மறைந்தது. துணியில் அளவுக்குறி போடுகிற பேனா மை அது. சூடு பட்டால் குறி நிற்காது. தினமும் கையாளுகிற பேனா, இந்தப் புத்திசாலிகளுக்கு அது மறந்து போனதுதான் கொடுமை.

"அடிப்பாவிங்களா!"

"சினிமாவுக்குப் போயிட்டோம்க்கா. எல்லாரும் சேர்ந்துதான்..."

எல்லாம் கூட்டுக் களவாணிகள்! அக்கா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். ஓட்டுப் போட மனசில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்கலாமே. வாங்கிக்கொடுத்த லீவையும் தின்றுவிட்டு, தன் வார்த்தையையும் மண்ணாக்கிவிட்டார்களே! கத்தித் தீர்த்து நிமிர்ந்தால் முதலாளி வாசலில் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"சொன்னேன்ல? இனிமே லீவு கிடையாது," என்றார் அவர். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அப்போது பொத்தான் தைக்கிற பெண் எழுந்து வந்தாள். எல்லோரும் "பூனை" என்று கூப்பிடுகிற, இருக்கிற இடம் தெரியாத பெண். யாரையும் கேட்காமல் விரலை ஆவியில் காட்டினாள். மை அப்படியே இருந்தது.

"நான் நெஜமாவே போட்டேன் சார். இதுதான் முதல் தடவை."

"நல்லதும்மா. ஒருத்திக்காக கம்பெனியை மூட முடியுமா, சொல்லு?" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

பூனை அக்கா பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"லீவு இல்லாம அடுத்த தடவை நான் எப்படிக்கா போடுவேன்?"

அக்கா மற்றவர்களைப் பார்த்தார்.

"என்கிட்ட கேக்கறா பாருங்கடி. நீங்க சொல்லுங்க அவளுக்குப் பதில்!"