சலூன்காரர் வீட்டுச் சருகு

சலூன்காரர் தன் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைப்பத்தைக் கையில் எடுப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஒரு தலை முடிந்தால் தரையைக் கூட்டிவிட்டுத்தான் அடுத்தவரை நாற்காலியில் உட்காரவைப்பார். ஒற்றை முடி காலடியில் கிடந்தாலும் அவருக்கு ஆகாது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் துடைப்பம் இருக்கிற மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நாள் பூராவும் கூட்டிவிட்டு வருகிறவனை வீட்டிலும் கூட்டச் சொல்லக்கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவர் போட்ட சட்டம்.

பேச்சும் அப்படித்தான். கடையில் வாய் ஓயாது. வீட்டில் ‘ம்’ என்று சொன்னாலே அன்றைக்கு நிறையப் பேசிவிட்டார் என்று அர்த்தம். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஊரார் குரலெல்லாம் காதில் விழுகிறது, வீட்டுக்காரர் குரலுக்குத்தான் லைன் கிடைக்கமாட்டேன் என்கிறது என்று தன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டின் பின்பக்கம் ஒரு வாதாம்மரம். உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள். சிவக்கச் சிவக்கப் பழுத்து, பருவம் வந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும். கூட்டுவது மனைவியின் பாடு. சலூன்காரர் பின்வாசல் படியில் டீயோடு உட்கார்ந்து, காற்றடிக்கிற பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகும்படி கை ஜாடையால் யோசனை சொல்வார்.

அந்த வருஷம் மழையில் ஊறிய இலையில் கால் வழுக்கி அவள் விழுந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு போட்டார்கள். சமையலுக்கு அக்கா வந்துபோனாள். சருகுக்கு யார் வருவார்கள்?

சலூன்காரர் முதலில் ஒரு கொள்கையோடு வந்தார். எல்லாம் உதிர்ந்து முடியட்டும், ஒரேயடியாக வாரிவிடலாம். மரம் அவசரப்படவில்லை. இலை கணுக்கால்வரை ஏறியது. ஒரு சாயங்கால மழையில் தண்ணீர் போகிற குழாயின் வாயைச் சருகு அடைத்துக்கொள்ள, கொல்லைத் தண்ணீர் சமையலறைக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டு, போகும்போது அவருடைய செருப்பில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனது.

அடுத்த விடுமுறை நாளில் கடையிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுவந்தார். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, குவியலைப் பார்த்துப் பிடித்தார். ஒரே ஓர் இலை புரண்டு படுத்தது. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி.

“அதுங்களுக்கும் குளிருக்கு இதமாத்தான் இருக்கும்” என்றாள்.

வேறு வழியில்லாமல் குச்சித் துடைப்பத்தை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், வாய் தானாகத் திறந்துகொண்டது. இத்தனை வருஷப் பழக்கம். கை கூட்டினால் வாய் பேசும். விக் வைத்த பேங்க் மேனேஜர் ஒருவரின் கதையைச் சொன்னார். அவர் மாதம் தவறாமல் முடிவெட்ட வருவாராம். சலூன்காரரும் விக்கில் கை படாமல், காற்றிலேயே கத்தரியைச் சடசடவென்று ஓட்டி அனுப்பிவைப்பாராம்.

“அது விக்குன்னு உங்களுக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? ஆனா போன மாசம், முன்னாடி ஜாஸ்தி எடுத்துட்டீங்கன்னு சண்டைக்கு வந்துட்டார்.”

அவள் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கை வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையெல்லாம் ஏன் தன்னிடம் சொன்னதே இல்லை என்று கேட்டாள்.

அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தார். “கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது போலிருக்கு.”

அன்றிலிருந்து கடையைச் சாத்தியதும் நேரே வீட்டுக்கு வந்தார். தினம் கொஞ்சம் கூட்டுவார், தினம் ஒரு தலையின் கதை சொல்வார். சருகை மரத்தடிக் குழியில் கொட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் சீக்கிரம் வந்தவர், நிறைகுடத்தை அதே கையால் தூக்கிக்கொண்டு போகிறவளை ஜன்னல் வழியாகப் பார்த்தார். சத்தமில்லாமல் வாசலுக்குத் திரும்பிப் போனார். அங்கே நின்று பலமாக இருமினார். அவள் கையில் மறுபடியும் கட்டைச் சுற்றிக்கொள்ளப் போதுமான நேரம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

“கை எப்படி இருக்கு?”

“பரவாயில்ல. கூட்டறதுக்குத்தான் வரமாட்டேங்குது.”

“அதுக்கு நான் இருக்கேன்ல” என்று துடைப்பத்தைத் தேடிப் போனார்.

இலையெல்லாம் தீர்ந்து மரம் துளிர்விட்ட பிறகு ஒருநாள் அக்கா வந்தாள். பளிச்சென்று கிடந்த கொல்லையைச் சலூன்காரர் மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு சருகுகூட இல்லாத தரையில் என்னத்தைக் கூட்டுகிறார் என்று தங்கையிடம் கேட்டாள்.

தங்கை படியில் நகர்ந்து இடம் விட்டாள். “சும்மா உட்காருக்கா. கதை பாதியில நிக்குது.”