கீரி வெளியே வந்த பிறகு

அந்த வருடம் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அம்மா சொல்வதை அப்பாவிடமும், அப்பா சொல்வதை அம்மாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் இருப்பார்கள். ஆனாலும் பேச்சு என் வழியாகத்தான் போகவேண்டும். "அப்பாட்டச் சொல்லு, சோறு ஆறுது எண்டு." அப்பா அதைக் கேட்டிருப்பார். என்றாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை அசையமாட்டார். பெருமைக்குச் சொல்லவில்லை, எட்டு வயதில் அந்த வேலையை நான் ஒருநாளும் பிழையாகச் செய்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஹனோவரின் ஓரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஒரு பெரிய சேமக்காலையில், அதுதான் கல்லறைத் தோட்டத்தில், வேலை. இலை கூட்டுவார், பாதைக்குக் கல் போடுவார், குழி வெட்டுவார். அந்த வசந்தத்தில் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பதினொரு நாள் இருந்துவிட்டுப் போனான். அவனையும் அங்கேதான் அடக்கம் செய்தோம். அப்பாவோடு வேலை செய்கிற ஜெர்மன்காரர்கள் அன்று மட்டும் அவரை மண்வெட்டியைத் தொட விடவில்லை. அவர் கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல ஒரு பக்கமாக நின்றார். அம்மா கதறினார். சித்தி கதறினார். அப்பாவின் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை. சித்தி எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "கல்லு மனுசன். வேலைக்கு வந்த மாதிரியெல்லோ நிக்கிறார்."

அம்மா அன்றிலிருந்துதான் அப்பாவோடு நேரே பேசுவதை விட்டார்.

இலையுதிர் காலத்தில் முயல்கள் பெருகிவிட்டன. கல்லறைகளில் நடுகிற பூக்களை எல்லாம் காம்போடு தின்றன. அது போகட்டும். தம்பியின் சின்னக் கல்லறையின் கால்மாட்டில் வளை தோண்டிவிட்டன. அடுத்த கிழமை மரித்த ஆத்துமாக்களின் நாள். அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாத அம்மா, அன்றைக்கு மெழுகுதிரியோடு வருவதாக இருந்தார். அந்த ஓட்டையை அம்மா காணக்கூடாது. முயல் உள்ளே இருக்க வளையை மூடினாலோ, அது பக்கத்தில் இன்னொன்று தோண்டும். அப்பா அந்த ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

பட்டணத்துக்குள்ளே துவக்கால் சுட முடியாது. அதனால் சேமக்காலை நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் முயல் பிடிக்க ஒரு கிழவரைக் கூப்பிடும். அவர் வல்லூறு வளர்ப்பவர். ஊரில் கோழிக்குஞ்சு தூக்குமாமே, அந்த இனம்தான். ஆனால் இது சேவல் அளவு பெரிது. "நீயும் வா," என்றார் அப்பா. "அந்தாளின்ர ஜெர்மன் எனக்கு அரைவாசிதான் விளங்கும். அம்மாட்ட மூச்சு விடாதை." எனக்கு இரண்டாவது உத்தியோகமும் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை. நிலமெல்லாம் வெண்பனி. கிழவர் இடது கையில் தடித்த தோலுறை போட்டு, அதன்மேல் பறவையை வைத்திருந்தார். காலில் சின்ன மணி. கண் மஞ்சள். அது என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். கிழவரின் வலது கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெள்ளையாக, நீளமாக, சிவப்புக் கண்ணோடு ஒரு பிராணி. அப்பா அதைக் கீரி என்றார். அது கீரி இல்லை என்று பிறகு தெரிந்தும், நானும் இன்றுவரை கீரி என்றே சொல்கிறேன். கீரியை வளைக்குள் விட்டால் முயல் பயந்து வெளியே பாயும். வெளியே வல்லூறு பார்த்துக்கொண்டிருக்கும்.

தம்பியின் கல்லறைக்கு வந்ததும் கிழவர் நின்று, கல்லில் இருந்த பெயரை வாசித்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இங்கேயும் விடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். கூடவே என்னுடைய கேள்வியையும் சேர்த்துவிட்டேன்.

"அப்பா, அது உள்ளுக்க போய்த் தம்பியைக் கடிக்காதோ?"

அப்பா குனிந்து என் தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டார். "இல்லையம்மா. தம்பி நல்ல ஆழத்தில இருக்கிறான். முயல் வளை அவ்வளவு தூரம் போகாது. விடச் சொல்லு."

கிழவர் ஒரு வழி சொன்னார். கீரி உள்ளே போனதும் யாராவது நிலத்தில் காதை வைத்துக் கேட்கவேண்டும். முயல் ஓடினால் மண் குமுறும். அந்தச் சத்தம் வந்ததும் கையை உயர்த்தவேண்டும். தன் கையில் பறவை இருப்பதால் தனக்குக் குனிய ஏலாது. நான் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா முழந்தாளிட்டு, பிறகு முழு நீளத்துக்கும் படுத்து, அந்தச் சின்னக் கல்லறையின்மேல் காதை வைத்தார்.

கீரி உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்பாவின் கை உயர்ந்தது. அதே நேரம் வளையிலிருந்து முயல் பாய்ந்தது; கிழவரின் கை வீசியது; வல்லூறு நிலத்தோடு ஒட்டிப் பறந்து, மூன்றாவது கல்லுக்கு அப்பால் அதைப் போட்டு அமுக்கியது. மணி இரண்டு தரம் கிலுங்கியது. அவ்வளவுதான். கிழவர் போய் முயலின் வேதனையை முடித்தார். பறவைக்கு இறைச்சித் துண்டைக் காட்டிக் கைக்குக் கூப்பிட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, ஒரு தேவதாருக் கொப்பை ஒடித்து, செத்த முயலின் வாயில் வைத்தார். இந்த நாட்டு வேட்டைக்காரரின் மரியாதை அது.

கீரியும் தானாக வெளியே வந்தது. கிழவர் அதைப் பெட்டிக்குள் விட்டுப் பூட்டினார்.

அப்பா மட்டும் எழும்பவில்லை.

நான் கிட்டப் போய்ச் சொன்னேன்: "அப்பா, கீரி வந்திட்டுது."

"ஓம்," என்றார். எழும்பவில்லை. காது மண்ணிலேயே இருந்தது. ஒரு கை, குழந்தையைத் தட்டுகிற மாதிரி, கல்லறையின்மேல் விரிந்து கிடந்தது. நான் இன்னும் பலமாகச் சொல்ல வாயெடுத்தேன். கிழவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, பறவைக்குத் துண்டு துண்டாக, ஆறுதலாக ஊட்டினார். பறவை சாப்பிடும்போது சத்தம் கூடாதாக்கும் என்று நானும் பேசாமல் நின்றேன். என் கால்விரல்கள் விறைத்துப்போகும் வரை நின்றேன்.

அப்பா எழும்பியபோது ஒரு கன்னம் முழுக்க மண். மண் படாத மற்றக் கன்னமும் நனைந்திருந்தது. பனி என்று நினைத்தேன். அவர் வளையை மூடி, மிதித்து, புல்லுப் பத்தையைப் பதித்தார். பார்த்தால் தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உடம்பு கழுவப் போனார். அம்மா மண் பிடித்த கோட்டைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன கோலம்? எங்க விழுந்தவர் எண்டு கேள்."

கேட்கவேண்டிய தேவை எனக்கு இல்லையே. மூச்சு விடாதே என்று அப்பா சொன்னது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், பெரிய கவலையோடு இதையும் சொன்னேன்: "அம்மா, அப்பாக்குக் காது கேக்குதில்லை. கீரி வெளியில வந்திட்டுது எண்டு சொல்லியும், தம்பிக்கு மேல படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர்."

அம்மாவின் கை கோட்டின்மேல் நின்றது. "கீரி வந்த பிறகுமோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"கனநேரம். என்ர கால் விறைச்சுப்போச்சு."

அம்மா கோட்டைத் தோய்க்கப் போடவில்லை. கதிரையில் விரித்து வைத்து, கையால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டார். நான் சொல்லப் போவதற்காக எழும்பினேன். "நீ இரு," என்றார். கதவடிக்குத் தானே போய்க் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ. சோறு ஆறுது. வாங்கோ."

அன்றோடு என் உத்தியோகம் போய்விட்டது. நான் என்ன பிழை விட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை, கோபமும் வந்தது. ஆனாலும் பாவம், காது கேளாத மனிதர் என்று, அதற்குப் பிறகு பல மாதம் நான் அப்பாவோடு உரக்கத்தான் பேசினேன். அவரும் ஒருநாளும் என்னை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.