கிடாயின் காதில் ஊற்றிய தண்ணீர்

தங்கசாமி பி.ஏ. தேறிவிட்டான் என்று குப்பாயிக்குச் சேதி வந்தது. பெற்றவள் சந்தோஷப்பட வேண்டிய நேரம், பட்டாள்தான். கருப்பணசாமி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். வெல்லக் கட்டியை உடைத்து வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தாள். ஆனால் அவள் புருஷன் சின்னண்ணன் அந்த வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு சொன்ன வார்த்தைதான் அவளுக்கு இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டே வருசம், புள்ள. மெட்ராசு போயி வக்கீலுக்குப் படிச்சுட்டு வந்துட்டான்னா, கெணத்துப் பங்கை என்ற மகனே கோர்ட்டுல நின்னு கேப்பான். அப்பப் பாக்கறேன் அங்கமுத்து மூஞ்சிய!"

புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கிணறு சின்னண்ணனுக்கும் அவருடைய பெரியப்பன் மகன் அங்கமுத்துவுக்கும் பொது. ஒருநாள் இவர் எருது பூட்டித் தண்ணீர் இறைத்தால் மறுநாள் அவர். குப்பாயி பனமரத்துப்பட்டியில் ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த புதிதில், ஒரு தோல்பறித் தண்ணீருக்காகப் பங்காளிகள் மண்வெட்டியைத் தூக்குவதைப் பார்த்து நடுங்கிப் போனாள். போகப் போகப் பழகிவிட்டது. அங்கமுத்து ஊருக்கே கேட்கும்படி வைவார்; பொழுது சாய்ந்தால் அவர் வீட்டிலிருந்து முருங்கைக்காய் வரும். வைதுவிட்டால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம்.

பையன் தேறின சேதிக்குப் பிறகு சின்னண்ணன் அங்கமுத்துவின் முறையிலும் அரைப்பொழுது இறைக்க ஆரம்பித்தார். அங்கமுத்து வரப்பில் நின்று பார்த்தார். வையவில்லை. பூட்ட வந்த எருதுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முருங்கைக்காயும் வரவில்லை.

"ஏனுங்க, அவரு கம்முனு போறது எனக்கு நல்லாப் படலீங்க," என்றாள் குப்பாயி.

"பயம் புள்ள, பயம்! வக்கீலு ஊட்டுல வாய் உடுவானா?"

தங்கசாமி திருச்சியிலிருந்து வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் நாலு காயை உடைத்தான். தின்னவில்லை.

"இந்த வைகாசிக்குள்ள லா காலேஜுக்கு மனுப் போட்டாகோணும்னு ஐயன் ஒத்தக்கால்ல நிக்கறாருங்கம்மா. சேலத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுல வாத்தியார் வேலை இருக்குது. ஒரு வருசம் அங்க இருந்துட்டு அப்பறம் யோசிக்கலாம்னு எனக்குத் தோணுது."

"உனக்கு வக்கீலு ஆவ ஆசையில்லியா சாமி?"

"ஆசை இருக்கற பசங்களப் பாத்திருக்கறேன். அவங்களுக்கு அதுல ஒரு பசி. எனக்கு அந்தப் பசி இருக்குதா இல்லியான்னே தெரியலை. ஐயன் என்னைய மனுசனாப் படிக்கச் சொல்லலீங்க, அருவாளாத் தீட்டச் சொல்றாரு."

குப்பாயியின் கை நின்றுவிட்டது. "அவருகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். கருப்பணசாமியக் கேட்டுப்போடலாம்னாரு. சாமி சொன்னாப் போறேன்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

அதைக் கேட்டுத்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மனுஷர் பேச்சில் சூது இருக்கும். சாமி பேச்சில் இருக்காது.

அந்தப் பக்கத்தில் சாமியைக் கேட்பது என்றால், கிடாயைக் கோயில் முன்னால் நிறுத்தி, மனசில் உள்ளதைச் சொல்லி, அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உடம்பை உதறித் துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. துலுக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். பொழுது இறங்கியும் துலுக்கவில்லையென்றால், வெட்டாமல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பங்காளிகள் இல்லாமல் கேட்கவும் கூடாது. ஆகவே அங்கமுத்துவும் வந்து நின்றார்.

பூசாரி சடையன் தண்ணீர் தெளித்தார். கிடாய் அசையவில்லை. மறுபடியும் தெளித்தார். அது கல்லில் அடித்து வைத்ததுபோல நின்று தங்கசாமியையே பார்த்தது. வெயில் ஏறியது. வேப்பமரத்தில் ஒரு காக்கை கூட இல்லை என்பதை அப்போதுதான் குப்பாயி கவனித்தாள்.

"பொறுப்போம் சாமி, அவசரமில்லை," என்றார் சடையன்.

"சொம்ப இங்க குடு," என்று வாங்கினார் சின்னண்ணன். தெளிக்கிற மாதிரிதான் குனிந்தார். பக்கத்தில் நின்ற குப்பாயிக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது: தண்ணீர் முதுகில் விழவில்லை. கிடாயின் காதுக்குள் கொளகொளவென்று இறங்கியது. காதில் தண்ணீர் போன ஆடு என்ன செய்யும்? தலையிலிருந்து வால் வரைக்கும் உதறிற்று.

"துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!" என்று சின்னண்ணன் கையைத் தூக்கினார்.

அங்கமுத்து சொட்டுகிற காதைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். "பலே தம்பி! பையன் வக்கீலு ஆவறதுக்கு முந்தியே நீ சாட்சியத் தயார் பண்ணிட்டியே! மகனுக்கு இனிமேப் படிக்க என்ன பாக்கி?"

சிலர் சிரித்தார்கள். குப்பாயி சாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லியிருக்கலாம். புருஷன் மானம் நாக்கைக் கட்டிவிட்டது.

கறியைக் கூறு போட்டுப் பங்காளி வீடுகளுக்கு வைத்தார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அங்கமுத்துவின் கூறு மட்டும் இலையிலேயே கிடந்தது. சாமி கறியைப் பங்காளி விட்டுவிட்டுப் போனதை அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. ஈ மொய்க்க மொய்க்க அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் இவர்கள் முறை. தங்கசாமி, "மனு எழுதறதுக்கு முந்தி ஒருக்கா எருது ஓட்டிப் பாக்கறேன்," என்று கிணற்றுக்குப் போனான். கிணற்று விளிம்பிலிருந்து எருதுகள் சரிவில் இறங்கும்போது, ஓட்டுகிறவன் பறியை இழுக்கும் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவன் பாரத்தில்தான் நிறைந்த பறி மேலே வரும். சின்ன வயசில் அவனுக்கு அது ஊஞ்சல் மாதிரி.

குப்பாயி கூழ்ப் பானையோடு வந்தபோது அவன் பூட்டி முடித்திருந்தான். வடத்தைத் தாண்டக் கூடாது என்று அதைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தவள் கையில் ஏதோ பிளவு தட்டுப்பட்டது. புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் முக்கால் கனத்துக்கு வெட்டு. தேய்ந்து அறுந்தால் நார் நாராக இருக்கும். இது கரும்பை நறுக்கின மாதிரி வழவழவென்று இருந்தது.

"உக்காராதே சாமி!"

பானை கீழே விழுந்தது. தங்கசாமி வந்து வெட்டைத் தடவினான். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தான். ஆழத்தில் பாறை தெரிந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த சின்னண்ணன் வடத்தைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தூக்கினார். மகன் குறுக்கே நின்றான்.

"ஐயா, நான் மனுப் போடலீங்க. இந்த வருசம் வேண்டாம். சேலத்துக்கே போறேன்."

"பயந்துட்டியாடா?"

"ஆமாங்க. என்னைய நெனச்சுத்தான் பயப்படறேன். இன்னைக்கே எனக்கு அந்த மண்வெட்டிய வாங்கிட்டு நானே வெட்டப் போகோணும்னு இருக்குது. சட்டமும் கையில இருந்தா என்னாவேனோ."

"சாமி உத்தரவு குடுத்ததடா! மீறுவியா?"

அப்போதுதான் குப்பாயியின் கட்டு அவிழ்ந்தது. "சாமி குடுக்கலீங்க," என்றாள். "நீங்களாப் புடுங்கிக்கிட்டீங்க. நான் பாத்தனுங்க."

சின்னண்ணனின் மண்வெட்டி தானாக இறங்கியது.

மகனைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்ட கையோடு அவள் நேராக அங்கமுத்து வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, பையன் மெட்ராசு போகலீங்க. வாத்தியாருக்குத்தான் போயிருக்கறான். வக்கீலுமில்லை, ஒண்ணுமில்லை."

"வா, குப்பாயி. மோர் குடிக்கிறியா?" என்றார் அங்கமுத்து. குரல் தேன் மாதிரி இருந்தது. அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். "வாத்தியாரா? நல்ல வேலை. இந்த வருசம் போகலை, அவ்வளவுதானே? அடுத்த வருசம்னு ஒண்ணு இருக்குதல்ல." கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டு மறுபடியும் தீட்டினார். வைதிருந்தால் அவள் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டாள். இறைக்கிற நாளெல்லாம் எருது பூட்டும் முன்னால் கிணற்றுக்குப் போய், வடத்தை நுனியிலிருந்து நுனிவரை, கருப்பணசாமி பேரைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவிப் பார்ப்பாள். உள்ளங்கை காய்த்துப்போயிற்று.

ஐப்பசி மழை விட்ட ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது, வாசல் முளைக்குச்சியில் கறுப்புக் கிடாய்க்குட்டி ஒன்று கட்டியிருந்தது. சந்தையிலிருந்து சின்னண்ணன் பிடித்து வந்திருந்தார்.

"எதுக்குங்க இது?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த வைகாசிக்கு ஆவும்," என்றார்.

குட்டி காதை ஆட்டிக்கொண்டு தழை தின்றது.