பின்பக்கத்து நட்டு

மெக்கானிக் பிளக்குக்கு அவன் அக்கா புருஷன் தரவேண்டியிருந்த பாக்கி நாற்பதாயிரம். இரண்டு வருடக் கூலி. கேட்ட அன்றைக்குக் கிடைத்ததோ வேறு. மாமாவின் பட்டறையில், மாமாவின் சொந்தக் கார் இன்ஜினுக்குள் கையை விட்டு நட்டு இறுக்கிக்கொண்டே கேட்டான். மாமா வீல் ஸ்பானரைத் தூக்கி அந்த வலது கைமேலேயே போட்டார். மோதிர விரலும் சுண்டு விரலும் மளுக்கென்றன. அக்கா கதவோரம் நின்று பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

அந்த இரண்டு விரலும் பிறகு நிமிரவே இல்லை. மிச்ச எட்டு விரலை வைத்துச் சொந்தக் கடை போட்டான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்தே இன்ஜின் வயிற்றில் என்ன கோளாறு என்று புட்டுப் புட்டு வைப்பான். பெயரே பிளக்கு என்று நிலைத்துவிட்டது. அந்தத் தெருவில் இருபது பட்டறை. அவனுக்கு இணையாக ஒருத்தனைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

ஆறாவது வருடம் அதே கார் அவன் வாசலில் வந்து நின்றது. பழைய பெட்ரோல் வண்டி. காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைக் கிளப்பினால் ஜுரம் கண்டவன் மாதிரி உதறும், சூடேறினால் பூனை. முந்தின நாள் கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே நாற்சந்தி நடுவில் அணைந்துபோய், அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை லாரி பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அவள் பிழைத்தது மயிரிழையில். அதற்கு முன்பே கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்த படித்த மேதைகள் வண்டியில் குறையே இல்லை என்றார்களாம். காயில், பம்ப் என்று பாகமெல்லாம் மாற்றியாயிற்று. அக்காதான் புருஷனை இங்கே இழுத்து வந்தாள்.

"இவரு கிழிச்சிருவாராக்கும்!" என்றார் மாமா.

"கண்டுபிடிச்சா என் நாப்பதாயிரத்த எண்ணி வைக்கணும் மாமா."

"முடியலன்னா உன் கடைச் சாவி எனக்கு. என்ன, சரியா?"

"சரி. ராத்திரி வண்டி இங்கயே கிடக்கட்டும். காலையில நான்தான் முதல்ல ஸ்டார்ட் பண்ணுவேன்."

மறுநாள் கடை திறக்கும்போதே மாமா வாசலில் காரோடு நின்றிருந்தார். பிளக்கு சாவியைத் திருகினான். இன்ஜின் வெண்ணெயாக ஓடியது.

"எங்கடா உதறுது? எடு சாவிய!"

பிளக்கு அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் குழாயைத் தொட்டான். சுட்டது. ஒரு நிமிடம்கூட ஓடாத வண்டிக்குக் குழாய் சுடுமா?

"விடியும் முன்னாடியே வந்து சூடு பண்ணியிருக்கீங்க. இன்னொரு சாவி வச்சிருக்கீங்களா?"

"கூலிக்கார நாயே, என்னையா திருடன்ங்கிற?"

மாமா எடுத்து ஓங்கிய இரும்புக் கம்பி பிளக்கின் தோளில் இறங்கியது. அடுத்த வீச்சில் காரின் விளக்கு நொறுங்கியது. மூன்றாவது வீச்சுக்குக் குனிந்த பிளக்கு தலையாலேயே மாமாவின் வயிற்றில் முட்டினான். இருவரும் கண்ணாடித் தூள்மேல் உருண்டார்கள். மாமாவின் உதடு கிழிந்தது. பிளக்கின் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. கடைசியில் அவன் மாமாவை இன்ஜின்மேல் சாய்த்து, அவர் வலது கையைச் சூடான புகைக் குழாயில் வைத்து அழுத்தினான். தோல் பொசுங்கும் வாடை வந்தது. அலறல் கேட்டு அக்கா தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள்.

"இப்ப உக்காருங்க மாமா. வண்டி ஆறட்டும்."

நாலு மணி நேரம். மாமா கையை வாளித் தண்ணீரில் விட்டு முனகினார். பிளக்கு கம்பியை மடியில் வைத்திருந்தான். அக்கா நடந்ததைக் கேட்டாள். புருஷன் சட்டைப்பையிலிருந்த இன்னொரு சாவியை எடுத்துச் சாக்கடையில் வீசினாள்.

ஆறியதும் கிளப்பினான். கார் கிடுகிடுவென உதறியது. காற்று உள்ளே போகும் பெரிய குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில், ஓரமாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே போனான். முன்பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்க மூலையில் நீர் பட்டதும் உதறல் ஒரு கணம் அடங்கியது, திரும்பவும் வந்தது. அங்கேதான் திருட்டுக் காற்று நுழைகிறது. சூட்டில் இரும்பு விரிந்தால் சந்து தானாக மூடிக்கொள்ளும்.

அந்த மூலை கண்ணுக்குத் தெரியாது. கைதான் பார்க்க வேண்டும். கையை விட்டான். நட்டு விரலுக்கே சுழன்றது. கையை எடுக்காமலே அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, அன்னைக்கு என் கை இருந்தது இதே இடத்துலதான். மூணு நட்ட இறுக்கிட்டேன். இத இறுக்கும்போதுதான் ஸ்பானர் விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தனும் இதத் தொடல. கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்து உன் உயிர்கிட்ட வந்து நின்னிருக்கு."

நட்டை இறுக்கினான். உதறல் நின்றது.

"ஒரு நட்டுக்கு நாப்பதாயிரமா?" என்று எழுந்தார் மாமா.

"நட்டுக்கு இல்லைங்க, கூலிக்கு" என்றாள் அக்கா. யாரையும் நம்பாத மாமா வசூலையெல்லாம் இடுப்புப் பையிலேயே வைத்திருப்பார். அவள் அதை அவிழ்த்தாள். மாமா இடது கையை ஓங்கினார். பிளக்கு எழுந்தபோது மடியிலிருந்து விழுந்த கம்பி அவள் காலடியில் கிடந்தது. அவள் அதை மிதித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஓங்கிய கை இறங்கியது.

"நீட்டுடா கைய."

பிளக்கு அதே வலது கையை நீட்டினான். அக்கா ஒவ்வொரு ஆயிரமாகச் சத்தம் போட்டு எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தாள். நாற்பதாவது விழுந்தபோது, நிமிராத அந்த இரண்டு விரலும் நோட்டுக் கட்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டிருந்தன.