கட்டிலடிச் செருப்பு

திருச்சி ஆஸ்பத்திரியில் என் மகள் காய்ச்சலோடு கிடந்த வாரம், பக்கத்துக் கட்டிலில் அவள் வயதுப் பெண் ஒருத்தி கண் திறக்காமல் படுத்திருந்தாள். அரியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் அவளுடைய அம்மா மிகவும் ஒல்லி. தினமும் முழங்காலிட்டு ஜெபித்ததும், கட்டிலடியில் இருந்த மகளின் செருப்பைத் துடைத்து வாசல் பக்கம் திருப்பி வைப்பார்.

“இது எதுக்குங்க இப்ப?” என்று கேட்டேன்.

“எழுப்பி விடுங்க ஆண்டவரேன்னு கேட்டுட்டு, புள்ளைய வெறுங்காலோடவா கூட்டிட்டுப் போறது?”

நானும் ஜெபித்தவன்தான். ஆனாலும் என் மகளை வீட்டுக்கு அனுப்பிய நாளில், அவளுக்குச் செருப்பு கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா கட்டிலடிச் செருப்பை எடுத்து என் மகளின் காலருகே வைத்தார்.

“போட்டுக்க கண்ணு. எங்க பாப்பாவுக்கு நாளைக்கு வேற கொண்டாரேன்.”

செருப்பு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.