நோரீன் அளவுக்கு ஒரு துப்பாக்கி

ஹால்வர் லிண்டெம் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என் மீதும்தான். முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் பங்கு போகப் போக வரும்.

மொண்டானாவில், பிட்டர்ரூட் மலையடிவாரத்தில், அவனும் நானும் இருபத்தெட்டு வருடம் ஒரே கொட்டகையில் வேட்டைத் துப்பாக்கி செய்தோம். இரும்பு வேலை எல்லாம் என்னுடையது. குழலை லேத்தில் ஏற்றிக் கடைவேன், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டும்படி தேய்த்துக் கொடுப்பேன், விசையை அமைப்பேன். மரம் அவனுடையது. வால்நட் கட்டையைச் செதுக்கி, அதற்குள் என் இரும்பை ஒரு முடிகூட நுழையாதபடி பதிப்பான். பெயருக்குக் கூட்டுத்தொழில், ஆனால் பேப்பரில் படம் வருவது அவனுக்குத்தான். எவனும் குழலைத் தடவிப் பார்த்து ஆகா என்று சொல்வதில்லை.

ஆள் மெதுவு. மெதுவு என்றால் உங்கள் ஊர் மெதுவு இல்லை. இரும்பின் அடியில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் வைத்து அழுத்துவான். எடுத்துப் பார்ப்பான். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு சுரண்டு. மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி சுரண்டு. ஒரு துப்பாக்கிக்கு இதை முந்நூறு தடவை செய்வான். அவசரப்படுத்தினால் ஒரு பார்வை பார்ப்பான், அதோடு வாடிக்கையாளர் வாயை மூடிக்கொள்வார். வருகிறவர்களில் பாதிப் பேர் பல் டாக்டர்கள். ஏனென்று எனக்குத் தெரியாது.

அவன் மனைவி நோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். இருபத்தேழு குளிர்காலம், பனியில் ஒரு நாளும் பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அந்த வீட்டில் வேட்டைக்காரி அவள்தான். ஹால்வர் துப்பாக்கி செய்வானே தவிர, மலை ஏறினால் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான். வருடா வருடம் அந்த வீட்டு ஃப்ரீசரை மான்கறியால் நிரப்பியது அவள் கை. அதுவும் எந்தத் துப்பாக்கியால் தெரியுமா? கல்யாணமான வருடம் ஹால்வர் எங்கோ வாங்கிய பழைய ராணுவத் துப்பாக்கி. அவள் கைக்கு நீளம் அதிகம் என்று ரம்பத்தால் பின்பக்கத்தை அறுத்து, ரப்பர் வைத்து, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தான். ஒன்பது பவுண்டு கனம்.

"என் புருஷன் நல்ல துப்பாக்கி செய்வாருன்னு ஊரே சொல்லுது," என்பாள் கொட்டகைக்குக் காப்பி கொண்டு வரும்போது. "எனக்கும் பார்க்கணும்னு ஆசைதான். அதுக்கு நான் பல் டாக்டருக்குப் படிக்கணும் போல."

"அடுத்த வருஷம், நோரீன்," என்பான் அவன், உளியிலிருந்து தலையைத் தூக்காமல்.

சும்மா சொன்னதில்லை. அவளுக்கென்று ஒரு வால்நட் பலகை வைத்திருந்தான். மகள் பிறந்த வருடம் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய தோப்பை வெட்டியபோது தேடிப் போய் வாங்கியது. காய்ந்து பழுக்க வேண்டும் என்று கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தான். அது பழுத்து, மகளும் வளர்ந்து, அவளுக்கும் கல்யாணமாகி ஸ்போகேனுக்குப் போய்விட்டாள். பலகை மட்டும் கட்டிலுக்குப் பின்னாலேயே நின்றது. ஒவ்வொரு வருடமும் நோரீனுக்கு முன்னால் யாராவது ஒரு பல் டாக்டர் வந்துவிடுவார்.

ஒரு வருடம் மே மாதத்தில் நோரீனால் பஸ் சாவியைத் திருக முடியவில்லை. கட்டைவிரலுக்குப் பலமில்லை. மூட்டுவலி என்று நினைத்து ஒரு மாதம் மருந்து தடவினாள். பிறகு மிசூலாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்து, தசைகள் உருகிக்கொண்டே போகும் நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நாள் என்று அவள்தான் கேட்டாளாம். ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஹால்வரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த வருட வேட்டைக்கு அவளுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும். பழையதை இனி அவளால் தூக்க முடியாது. தன் கையால் தூக்கி, தன் தோளில் வைத்து, இன்னும் ஒரு மான். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஹால்வர் பலகையைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தான். செய்துகொண்டிருந்த நான்கு வாடிக்கையாளர்களின் துப்பாக்கிகளை ஓரத்தில் வைத்துத் துணியைப் போட்டு மூடினான். அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. நானும் குழலை எவ்வளவு ஒல்லியாக முடியுமோ அவ்வளவு ஒல்லியாகக் கடைந்தேன். தோளில் உதைப்பது குறைவான சின்னத் தோட்டாவாகத் தேர்ந்தெடுத்தோம். மொத்தம் ஆறு பவுண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு.

ஜூலையில் அளவெடுத்தான். கொட்டகையில் புழுங்குகிறது, அவளுக்கு மேலே கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டான்.

"என்ன, நோயில சாகறதுக்குள்ள வேகவச்சே கொன்னுடலாம்னு பாக்கறியா?"

"நவம்பர்ல நீ சட்டையோடயா சுடப் போற? கோட்டோட தடிமன் சேத்துத்தான் நீளம் பாக்கணும். பேசாம நில்லு."

"கிளைட், நீயே பாரு. முப்பத்துநாலு வருஷத்துல இந்த மனுஷன் என்னை இவ்வளவு நேரம் உத்துப் பாத்ததே கிடையாது," என்றாள் என் பக்கம் திரும்பி.

"அவன் உன்னைப் பாக்கல, நோரீன். உன் தோளைப் பாக்கறான்," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கழுத்தை வளைக்காமலே இலக்கு நேராகத் தெரிந்தால் கட்டை அந்த ஆளுக்கானது. தெரியாவிட்டால் இன்னும் செதுக்க வேண்டும். ஜூலையில் சரியாக இருந்த கன்னம் ஆகஸ்டில் ஒட்டிப்போனது. கட்டையை அதற்கேற்ப இழைத்தான். செப்டம்பரில் தோள் இறங்கியது. மறுபடி செதுக்கினான். அவள் குறையக் குறைய அவனும் மரத்தைக் குறைத்துக்கொண்டே போனான். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போன பிறகு, சீவல் குவியலில் நின்றுகொண்டு, "எவ்வளவுதான் எடுக்கறது, கிளைட்?" என்று கேட்டு அழுதான். நான் லேத்தை ஓடவிட்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

அக்டோபர் மாதம் பாதியில், சீசன் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, துப்பாக்கி முடிந்தது. முடிந்தது என்றால், இரும்பு மரத்தில் உட்கார்ந்துவிட்டது, ஆனால் கட்டை பச்சையாக இருந்தது. எண்ணெய் ஏற்றவில்லை, பிடிமானக் கோடுகள் வெட்டவில்லை. நோரீன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. கண்ணை மூடித் தூக்கினாள், திறந்தாள், சுட்டாள். போல்ட்டை அவளே இழுத்தாள். கட்டைவிரல் ஒத்துழைக்காததால் உள்ளங்கையால் தள்ளினாள். மூன்று குண்டும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம் போல விழுந்திருந்தன.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பஸ்ஸுக்குள் பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவாளே, அப்படிக் கத்தினாள். "அடேய் கெழவா! இப்படி ஒண்ணை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் எனக்கு அந்த உலக்கையைக் கொடுத்த?"

பிறகு சொன்னாள்: "அடுத்த வாரம் சனிக்கிழமை சீசன் தொடங்குது. அன்னைக்கே போயிடலாம்."

ஹால்வர் துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கினான். "இன்னும் எண்ணெய் ஏத்தல."

"வேண்டாம். இப்படியே எடுத்துட்டுப் போறேன்."

"மழை பட்டா பச்சை மரம் தண்ணி குடிச்சிடும், நோரீன். உப்பிடும், குழலை நெருக்கும். கறை விழுந்தா போகவே போகாது. மூணு வாரம் கொடு. சீசன் அஞ்சு வாரம் இருக்கே."

"மரம் நனைஞ்சா காய வச்சுக்கலாம், ஹால்வர்."

அவன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு, கிளைட். நீ சொன்னா கேப்பான்."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பான், அது மூன்று பேருக்கும் தெரியும். நான் அந்தக் கட்டையை வாங்கி உள்ளங்கையால் தடவினேன். அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை. புகை சுருண்டது போல ரேகைகள், ஓரிடத்தில் தேன் நிறம், ஓரிடத்தில் கருப்பு. நாற்பது வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவனுக்கு அதைப் பச்சையாக மழையில் கொண்டுபோக மனசு வராது.

"மூணு வாரம்தானே, நோரீன்," என்றேன். "இப்படிப்பட்ட மரத்தை ஈரத்துல விடறது பாவம்."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அந்த மூன்று குண்டுக்கு அவளிடமிருந்த தெம்பெல்லாம் போயிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சீசன் திறந்தது. முதல் பத்து நாளும் ஒரு துளி மழை இல்லை. பளீரென்று வெயில்.

ஹால்வர் அதற்கு முன்பிருந்தே எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு பூச்சு பூசி, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, காயவிட்டு, மறுபடி. பதினான்கு பூச்சு. அந்தக் குளிரில் ஒவ்வொன்றும் காய இரண்டு நாள். அதற்குப் பிறகு கோடுகள். ஒரு அங்குலத்துக்கு இருபத்துநான்கு கோடு, இரண்டு பக்கமும் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு கட்டமும் ஊசிமுனை வைரமாக நிற்க வேண்டும். சீசனின் மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு கோடு வழுக்கியது. பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். அந்தப் பக்கம் முழுவதையும் வழித்துவிட்டு முதலிலிருந்து வெட்டினான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலைக்காரன் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். என்னை என்ன செய்தால் தகும்?

அந்த வாரங்களில் நோரீன் கரண்டியைப் பிடிப்பதை விட்டாள். பிறகு பொத்தான் போடுவதை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். ஹால்வர் தினமும் அவளைக் குளிப்பாட்டினான், தலை வாரினான். அவன் பார்க்கவில்லையா? இன்னும் நான்கு பூச்சு, இன்னும் மூன்று பூச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

சீசனின் ஐந்தாவது வாரம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, துப்பாக்கியை ஃபிளானல் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. நான் சத்தியம் செய்வேன். அவள் கையில் வைத்தான். அது அப்படியே மடியில் இறங்கியது. ஆறு பவுண்டைக்கூட அந்தக் கைகள் தாங்கவில்லை. புறங்கையால் கட்டையைத் தடவினாள்.

"ரொம்ப அழகா இருக்கு, ஹால்வர்," என்றாள். அப்போது அவள் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது.

மூன்று பவுண்டு அழுத்தம் வேண்டியிருந்த விசையை நான் ஒரு பவுண்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். யாராவது தும்மினால் வெடித்துவிடும் அளவுக்கு. ஹால்வர் மணல்மூட்டை வைத்து ஒரு தாங்கி செய்தான். சீசனின் கடைசி சனிக்கிழமை பிற்பகல், எனக்குத் தெரிந்த ஒருவரின் வைக்கோல் வயலோரம் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தோம். ஜூலையில் அளவெடுத்த கம்பளிக் கோட்டுக்குள் அவள் எங்கேயோ இருந்தாள். பின்னால் மண்டியிட்டு ஹால்வர் அவள் முதுகைத் தாங்கினான். நான் அவர்களுக்குப் பின்னால் இந்தப் பக்க வேலியோரம் நின்றேன்.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு பெண்மான் வந்தது. எண்பது கஜம். தலையைக் குனிந்து மேய்ந்தது. நோரீன் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள்.

"தெரியுதா?" ஹால்வர் கிசுகிசுத்தான்.

"நேரா தெரியுது."

விரலை விசைமேல் அவன்தான் எடுத்து வைத்தான். காத்திருந்தோம். மான் ஒரு அடி வைத்தது, நின்றது. முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"விரல் மடங்க மாட்டேங்குது," என்றாள்.

ஹால்வர் தன் விரலை அவள் விரல்மேல் வைத்தான். "சேந்து அழுத்தலாம், கண்ணு. நான் லேசாத்தான் தொடுவேன்."

"வேண்டாம், எடு."

"நோரீன்..."

"எடுன்னேன்ல. அது நீ சுடறது."

எடுத்துவிட்டான். மான் எங்கள் பேச்சைக் கேட்டுத் தலையைத் தூக்கியது. எதிர்ப்பக்க வேலியைத் தாண்டி ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. அவள் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்டோபர்ல மடங்கிச்சு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் தாமதம் என்று ஒரு தாய் கேட்டால் காரணம் சொல்வாளே, அந்தக் குரல்தான். ஹால்வர் அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று நழுவினேன்.

மார்ச்சில் நோரீன் போய்விட்டாள். சர்ச்சுக்கு அவள் பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் வந்தார்கள், சிலருக்குத் தலை நரைத்திருந்தது. ஹால்வர் ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினான். ஓரத்தில் மூடிவைத்த பல் டாக்டர் துப்பாக்கிகளின் துணியை எடுத்தான். ஒரு வாரம் அவன் செதுக்கினான், நான் கடைந்தேன்.

ஒரு காலை விளக்குக் கரியைப் பூசிக்கொண்டே கேட்டான். "அன்னைக்கே கொடுத்திருந்தா, அந்த முதல் சனிக்கிழமை, அவ சுட்டிருப்பாளா?"

யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். மான் வந்திருக்காது, காற்று மாறியிருக்கும், எத்தனையோ சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன் நான்.

"சுட்டிருப்பா, ஹால்வர்."

அவன் தலையை ஆட்டினான். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கரி படிந்த விரல்களைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உன்னைத்தான் கேட்டா," என்றான். "நீ சொன்னா நான் கேட்டிருப்பேன்."

"ஆமா," என்றேன்.