குழாய் போடும் முன் ஒரு நிமிடம்

கொரோனா இரண்டாம் அலையின்போது ஊட்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். இறந்தவர்களின் வீட்டுக்குப் போன் செய்து சொல்வது, யாரும் ஒப்படைக்காமலே என் வேலையாகிவிட்டது. அருவங்காட்டு வீட்டுக்குத் திரும்பினால் கணவரிடம்கூடப் பேசத் தோன்றாது. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு அவர் நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் காலை இத்தலாரில் கேரட் விவசாயம் செய்யும் ஒருவரை அழைத்து, அவருடைய அப்பா தவறிவிட்டதைச் சொன்னேன். அவருக்கும் தொற்று, வீட்டைவிட்டு வர முடியாது. "கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார்.

"உங்களத்தானுங்க கேட்டாரு" என்றேன்.

பொய். பெரியவர் ஐந்து நாட்களாகச் செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயோடு மயக்கத்தில் கிடந்தார். அதற்கு முன், பேச முடிந்தபோது, அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும்தான். மகன் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். அதைக் கேட்கக் கூசியது. இனி இப்படிப் பொய் சொல்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

மறுநாள் டாக்டரிடம், குழாய் போடும் முன் ஒவ்வொருவரும் வீட்டாரோடு பேச ஒரு நிமிடம் கேட்டேன்.

"ஆக்ஸிஜன் எறங்கிட்டே இருக்கும்போது ஏது சிஸ்டர் நேரம்?"

"நீங்க மருந்து எடுத்து வெக்கிற நேரம் போதுங்க டாக்டர். போனை நான் புடிச்சுக்கறேன்."

அவர் மறுக்கவில்லை.

முதலில் பேசியவர் குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. என் போனைப் பாலிதீன் பையில் போட்டு அவர் காதருகே பிடித்தேன். மூச்சு வாங்க மகளிடம், "கோழியத் தொறந்து வுட்டியா?" என்றார். மகள் அழுதாள். "அழுவாத சாமி. தூங்க வெக்கப் போறாங்க, அவ்வளவுதான்."

எட்டாம் நாள் அவர் இறந்துபோனார். மகளை நானே அழைத்தேன். அழுது ஓய்ந்தபின், "எங்கம்மாவுக்குத் தலை சீவி விட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தானுங்க பின்னி விட்டேன். தெனமும் முடியல. ரெண்டு தடவதான்."

"ரெண்டு தடவையா" என்றவள், "சரிங்க" என்றாள்.

உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உடன் வேலை செய்யும் நர்ஸ் கதவைத் தட்டினாள். மசினகுடி ஜீப் டிரைவர் ஒருவருக்கு உடனே குழாய் போட வேண்டியிருந்தது. முகம் கழுவிவிட்டுப் போனேன். அவர் தன் தம்பியைத் திட்டவே அந்த ஒரு நிமிடத்தையும் செலவழித்தார். ஒரு மாதம் கழித்து நடந்தே வெளியே போனார்.

அலை ஓயும்வரை அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் விடவில்லை. மற்ற நர்ஸுகளும் தங்கள் போனைக் கொடுத்தார்கள். பேசும் நிலையிலேயே இல்லாமல் வந்தவர்களும் உண்டு. அவர்கள் கடைசியாக என்ன சொன்னார்கள் என்று வீட்டார் கேட்டால், "அவங்களால பேச முடியலைங்க. நான் பக்கத்துல இருந்தேனுங்க" என்று உள்ளதைச் சொன்னேன்.